விற்ற கடையின் எல்லை

யாருடைய நினைவாக இந்தப் பொழிவு நடக்கிறதோ, அவர் பகாங் மாநிலத்து மலையூரான கோலா தெர்லாவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் கடையைப் பற்றியே பேசுகிறேன். கடை கைமாறும்போது நடப்பதைப் பற்றி.

என் அப்பாவும் இந்த மலையில் ஒரு கடையை வாங்கினார். தராசு, அலமாரி, இருந்த சரக்கு, கூடவே தோட்டத்து லயங்களின் பற்றுக்கணக்கு நோட்டு. சம்பளத்துக்குச் சம்பளம் பாக்கி தீர்க்கும் குடும்பங்கள் அதில் இருந்தன. கொடுத்த விலையில் பெரும்பங்கு அந்த நோட்டுக்குத்தான். "இனி இந்தப் பக்கமே கடை போடமாட்டேன்" என்றார் விற்றவர். எழுதி வாங்கவில்லை. ஆறாம் மாதம் அதே சாலையில், நடந்து போகிற தூரத்தில், புதுக்கடை திறந்தது. நோட்டிலிருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே போயின. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த வீட்டில் பிரசவம், எந்த வீட்டில் சாவு என்று அறிந்து கடன் கொடுத்தவர் அந்த மனிதர். ஆனால் அந்த உறவுக்குத்தானே அப்பா பணம் கட்டினார்?

இதற்குச் சட்டம் வைத்த பெயர் நன்மதிப்பு. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மலாயாவில் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், கடையின் பெயரெழுத்துகளை 'விலாசம்' என்றார்கள். அந்த எழுத்துகளைப் பார்த்தே பணம் கைமாறியது.

ஆனால் விற்றவரைத் தடுத்து நன்மதிப்பைக் காப்பது எளிதல்ல. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 28ஆம் பிரிவில், ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் வழி வந்தது இது. எவ்வளவு கடுமையான விதி என்பதற்கு 1874இல் வந்த கல்கத்தா வழக்கே போதும். ஒரே வட்டாரத்தில் இரு தரப்புப் பாத்திரக் கடைக்காரர்கள். ஒருவர் கடையை மூடினால், அவர் தொழிலாளருக்குக் கொடுத்திருந்த முன்பணத்தைத் தந்துவிடுவதாக மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர் மூடினார்; பணம் வரவில்லை. வழக்குப் போட்டார். ஒப்பந்தமே செல்லாது என்றார் தலைமை நீதிபதி ரிச்சர்ட் கவுச். கடையும் போயிற்று, பணமும் போயிற்று.

அந்த விதிக்கு உள்ள ஒரு விலக்குதான் கடை வாங்குகிறவருக்குக் காவல். நன்மதிப்பை விற்றவர், குறித்த எல்லைக்குள் அதே மாதிரித் தொழில் செய்வதில்லை என்று வாக்குக் கொடுக்கலாம். வாங்கியவரோ, அவர் வழி உரிமை பெற்றவரோ அங்கே அந்தத் தொழிலை நடத்தும்வரை அது கட்டும். எல்லை நியாயமானதாக நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும்.

எல்லை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சுவீடன்காரர் நோர்டன்ஃபெல்ட் தம் துப்பாக்கித் தொழிலை 287,500 பவுனுக்கு விற்று, 25 ஆண்டுக்கு உலகில் எங்கும் அதைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார். 1894இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அதை ஏற்றது. அவருடைய வாடிக்கையாளர்கள் உலகத்து அரசாங்கங்கள். நம் வாடிக்கையாளர்கள் திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருப்பவர்கள். இன்னொருவர் பத்திரத்தைப் பார்த்து 'பகாங் முழுவதும்' என்று எழுதினால், அதை நியாயம் என்று நிறுவுவது பெரும்பாடு. 'ஐந்து மைல் சுற்றளவு' என்பதும் இங்கே பொருந்தாது. மலையில் வட்டம் போட்டால் பாதி காட்டுக்குள் போய்விடும். நமக்கு இருப்பது ஒரு சாலை. அதனால் ஊர்ப்பெயர்களை எழுதுங்கள். எந்தத் தோட்டத்து லயங்கள் என்பதையும் எழுதுங்கள்.

காலக்கெடுவைச் சட்டம் கேட்கவில்லை. இருந்தாலும் மூன்று ஆண்டு போதும் என்பது என் எண்ணம். அதற்குள் புதியவரின் முகம் பழகிவிடும். விற்றவருக்கும் தெரிந்த தொழில் அது ஒன்றாகவே இருக்கலாம். அவரும் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று. கையெழுத்துப் போட்டவரைத்தான் வாக்கு கட்டும். மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய மகனும் பங்காளியாக இருந்தால், அவரையும் விற்பவராகச் சேர்த்தே பத்திரம் எழுதுங்கள். விலக்கு விற்பவருக்கு உரியது. வெறும் சாட்சிக் கையெழுத்தால் பயனில்லை. அப்பாவுக்கு விற்றவர் திறந்த அந்தப் புதுக்கடையின் பலகையில் அவர் பெயர் இல்லை. மகன் பெயர்தான் இருந்தது.