ஈரக்காற்றும் நுண்துணிக்கைகளும்
(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மாரி பிறந்தால் எங்கள் உப்புப் போத்தல்கள் கசியும். ஆனையிறவு உப்பைக் குறைசொல்ல வேண்டாம். கடலுப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மகனீசியங்குளோரைட்டுத்தான் ஈரத்தை இழுக்கிறது. தூய கறியுப்போ, சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தை எட்டும்வரை பளிங்காகவே இருக்கும். அதைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும்.

காற்றில் மிதக்கும் உப்புத் துணிக்கைகளும் இப்படியே துளியாகின்றன. வேடிக்கை என்னவெனில், காற்று மீண்டும் உலர்ந்தாலும் அவை உடனே பளிங்காவதில்லை. ஈரப்பதன் 45 சதவீதமளவுக்கு இறங்கும்வரை துளியாகவே நிற்கும்.

துளியானதும் அதன் குணமே மாறுகிறது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு, உலர்ந்த உப்புத் துணிக்கையில் அதிகம் தங்காது. நீர்த்துளியிலோ கரைந்து உட்புகும். அங்கே சல்பேற்றாக மாறிவிட்டால் பின்னர் வெளியேறாது. ஆனால் துளி புளிக்கப் புளிக்க, வாயு கரைவது குறையும்.

எங்களிற் பலர் இன்று வாழும் இலண்டனில், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை புகையும் மூடுபனியும் ஒன்றாய்க் கவிந்தன. இறந்தோர் 4,000 பேர் என முதலிற் கணித்தார்கள்; பிந்திய கணிப்பொன்று 12,000 என்கிறது. மூடுபனித் துளிகள் பெரியவை. அமிலத்தை ஐதாக்க அவற்றில் நீர் போதியளவு இருந்ததால், வாயு தொடர்ந்து உட்புகுந்தது. நீர் ஆவியானபோது செறிந்த அமிலம் நுண்துணிக்கையாக எஞ்சியது. அதைத்தான் மக்கள் சுவாசித்தார்கள். பீஜிங்கின் பனிக்காலப் புகாரில் துணிக்கைகள் மிகச் சிறியவை, நீரும் குறைவு. அங்கே அமோனியா வாயு அமிலத்தை நடுநிலையாக்கி அதே வேலையைச் செய்கிறது. இரு நகரங்களிலும் நைதரசனீரொட்சைட்டு இத்தாக்கத்துக்குத் துணைபோனதென 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

எமது நாட்டிலும் 2022 டிசம்பர் 9ஆம் திகதி, மாசடைந்த காற்றினால் அரச பாடசாலைகளை மூட நேர்ந்தது. அதன் பிறகு, தொய்வுள்ள அம்மாமாருக்காகச் சிறிய காற்றுமானிகளை வாங்கி வைத்திருக்கிறோம். அவை ஒளிச்சிதறலைக் கொண்டு அளப்பவை. ஈரத்தில் ஊதிய துணிக்கையைத் தூசி கூடியதாகவே காட்டக்கூடும். எனவே மானியின் எண்ணோடு ஈரப்பதனையும் சேர்த்துப் பார்ப்போம். "ஈரத்தால் கூட்டிக் காட்டுகிறது" என்று அம்மாவைக் காலை நடைக்கு அனுப்பிவிடவும் கூடாது. வாயுவை உள்ளிழுப்பது அந்த ஊதிய துளிதான்.