பாரிசுக்கு ஆறரை மணி நேரமா?



எங்கள் தவளக்குப்பம் பிள்ளைகளுக்குப் பாரிஸ் வெறும் பாடப்புத்தக ஊர் அல்ல. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் உறவுகள் புதுச்சேரிப் பகுதியெங்கும் உண்டு. அதனால் தூரம், வேகம், நேரம் நடத்தும்போது ரயிலை விட்டுவிட்டு விமானத்தை எடுத்தேன்.

கரும்பலகையில் எழுதியது இதுதான்: 'டிசம்பரில் சென்னையில் இரவு 1.30க்குக் கிளம்பும் விமானம் பாரிசில் காலை 8.00க்கு இறங்குகிறது. பயண நேரம் என்ன?' ஏறக்குறைய எல்லா நோட்டிலும் ஆறரை மணி. கழித்தல் சரிதான். ஆனால் தூரம் சுமார் 8,000 கி.மீ. ஆறரையால் வகுத்தால் மணிக்கு 1,230 கி.மீ. வருகிறது, ஏறத்தாழ ஒலியின் வேகம்! பயணிகள் விமானம் 900ஐ ஒட்டிப் பறப்பது. விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று பார்க்கும் பழக்கத்தை நாம் கொடுப்பதே இல்லை. மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம்.

இரண்டு கடிகாரங்களும் வேறு. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணிதான். ஆக, பயணம் 11 மணி நேரம். திரும்பும்போது காலை 10.00க்குக் கிளம்பி நம் நேரப்படி நள்ளிரவு 12.30க்கு இறங்கினால், பதினாலரையிலிருந்து நாலரையைக் கழிக்க வேண்டும். 10 மணி நேரம். அந்த ஒரு மணி வித்தியாசம் ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, போகும்போது எதிர்க்கிறது. கணக்கு வகுப்பு அன்று புவியியலாகிவிட்டது. மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

8,000 எப்படி வந்தது என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். பள்ளி உலக உருண்டையில் சென்னையையும் பாரிசையும் நூலால் இழுத்துப் பிடியுங்கள். அதே நூலை நிலநடுக்கோட்டின் மேல் வைத்து அளந்தால் ஐந்து முறையில் ஒரு சுற்று முடியும். 40,000ஐ ஐந்தால் வகுத்தால் போதும். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது ஈராக் வழியே போகும். உருண்டையில் நூலோ கருங்கடல் மேல் போகும். எது குறுக்குவழி என்று வகுப்பில் சண்டையே வந்தது. உண்மை விமானம் இரண்டிலும் போகாமல் சுற்றிப் போகலாம். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் மூடிக் கிடக்கிறது.

வீட்டுப்பாடமாக ஒன்று கொடுத்தேன்: தவளக்குப்பம் வீட்டு வாசலிலிருந்து பாரிஸ் வரை மொத்தம் எவ்வளவு நேரம்? சென்னைக்குக் கார், மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் காத்திருப்பு, நடுவில் துபாயிலோ தோஹாவிலோ மாறினால் அதுவும். மறுநாள் வந்த விடைகளில் 17 மணியும் இருந்தது, 26 மணியும் இருந்தது. இரண்டுக்கும் சரி போட்டேன்.