தரமா? தந்திரமா?

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! விற்கிற பெட்டிக்கெல்லாம் வக்காலத்து வாங்கிப் பேசிய எதிரணி நண்பர்களே! பண்டிகை நாளிலே பலகாரத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, குழந்தைகளே!

"மேஜிக் கற்றுத்தரும் பொருட்களில் இன்று மிகுந்திருப்பது தரமா? தந்திரமா?" இதுதான் தலைப்பு. தந்திரமே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ரகசியத்தைச் சொல்லிட்டாங்கல்ல? கொடுத்த காசு செரிச்சுப் போச்சு" என்றார். அய்யா, காசு செரிச்சுப் போச்சு. என் பையனுக்குத்தான் செரிக்கலை!

எங்க ஊர்ப் பொருட்காட்சியிலே ஒரு கடை. கடைக்காரர் கையிலே சின்னக் கிண்ணம், உள்ளே சிவப்புப் பந்து. மூடினார், திறந்தார், பந்தைக் காணோம்! என் பையனுக்கு அப்போ 9 வயசு. "அப்பா, வாங்கிக் குடுப்பா"ன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தான். இழுத்த வேகத்திலே என் சட்டைப் பட்டன் காணாமப் போச்சு. அது நிஜமாவே காணாமப் போச்சு! (சிரிப்பு)

பெட்டியை வாங்கினேன். மேலே '25 வித்தைகள்' என்று கொட்டை எழுத்து. உள்ளே நாலாக மடித்த ஒரு தாள். கிண்ண வித்தைக்கு அதிலே இரண்டே வரி. அரைப்பந்து ஒன்று மூடிக்குள் ஒளிந்துகொள்ளும், மூடியோடு சேர்த்துத் தூக்கு, முடிந்தது.

அந்த வாரம் எங்க அப்பாவுக்கு மணிவிழா. வீடு நிறைய சொந்தபந்தம். பையன் நடுக்கூடத்திலே நின்னான். மூடினான், திறந்தான், பந்து மறைஞ்சது. ஒரே கைதட்டல். அப்போ எங்க அண்ணன், அதாவது அவனோட பெரியப்பா, "எங்கடா, அந்த மூடியைக் கொண்டா பார்ப்போம்" என்று கையை நீட்டினார்.

அந்தத் தாளிலே இதற்கு வழி எழுதியிருக்கா? இல்லை! பையன் மூடியை முதுகுக்குப் பின்னாலே மறைச்சான். பிள்ளைகள் பிடுங்கினார்கள். அரைப்பந்து தரையிலே விழுந்து உருண்டது. வீடே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அன்றைக்கே பெட்டி பரணுக்குப் போனது. அதன் பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழாவிலே மேடையேறக் கூப்பிட்டால்கூட, "நான் வரலை"ன்னுட்டான். நடுவர் அவர்களே, பெட்டியிலிருந்து பந்து மட்டுமா மறைந்தது? ஒரு பிள்ளையின் தைரியமும் அல்லவா மறைந்தது! (கைதட்டல்)

ஏன் இப்படி? வெண்டைக்காயை நுனி ஒடிச்சு வாங்கறோம். தேங்காயைத் தட்டி வாங்கறோம். மேஜிக் பெட்டியைத் தட்டிப் பார்க்க முடியுமா? "பிரிச்சா ரகசியம் தெரிஞ்சுடும்" என்பார்கள். பிரித்த பிறகு திருப்பிக் கொடுத்தால், "ரகசியம் தெரிஞ்சுக்கிட்டீங்களே" என்பார்கள்! சரக்கு நல்லதா, கெட்டதா என்று காசு கொடுத்த பிறகுதான் தெரியும். இப்படி ஒரு வியாபாரத்திலே தரம் எப்படி அய்யா வளரும்?

சரி, அந்த ரகசியமாவது அத்தனை அரியதா? 1584-லேயே இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் என்பவர் சூனியம் பற்றிய மூடநம்பிக்கையை எதிர்த்து ஒரு புத்தகம் எழுதினார். அதிலேயே நாணய வித்தை, கயிற்று வித்தையெல்லாம் எப்படி என்று விளக்கிவிட்டார். 400 வருஷத்துக்கு மேலாக அச்சில் இருப்பதை அரக்கு முத்திரை வைத்து விற்கிறார்கள்!

சாம்பாரிலே என்ன ரகசியம்? பருப்பு, புளி, காய், பொடி. எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்க அம்மா வைத்தால் ஒரு மணம், நான் வைத்தால் ஒரு மணம். அந்த இரண்டாவது மணத்துக்கு அக்கம்பக்கத்திலே ஜன்னலைச் சாத்துவார்கள். (சிரிப்பு) வித்தியாசம் எதிலே? பக்குவத்திலே!

நம்ம நாட்டு மேதை பி.சி. சர்க்கார் 1956-ல் லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியிலே ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அறுத்த பிறகு எழுப்பினார், எழவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். உடனே நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது! நிஜமாகவே செத்துப்போனாள் என்று நினைத்து ஜனங்கள் பி.பி.சி.க்கு ஓயாமல் போன் செய்தார்கள். பெண்ணை அறுக்கிற வித்தை அப்போது புதுசா? 1921-லேயே செல்பிட் என்பவர் லண்டன் மேடையிலே செய்து காட்டியது. வித்தை பழசு, பக்குவம் புதுசு. அந்தப் பக்குவத்தைச் சொல்லித் தருகிற பெட்டி எங்கே?

எதிரணியிலே சகோதரி ஒருவர், "வீடியோ பார்த்துக் கத்துக்கலாமே" என்றார். கை அசைவைக் கண்ணால் பார்க்கலாம், அது நன்மைதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலும் எதிரே நின்று காட்டுகிறார்கள். அவர் வலது கை நமக்கு இடது பக்கம் தெரிகிறது. எந்தக் கை எந்தக் கை என்று திகைப்பதற்குள் வித்தை முடிந்துவிடுகிறது. பார்க்கிறவர் பக்கவாட்டிலே உட்கார்ந்தால் குட்டு வெளிப்படுமா? அதைச் சொல்வது சிலரே.

"நல்ல புத்தகங்களே இல்லையா?" என்று கேட்டார்கள். இருக்கின்றன. ஹாஃப்மேன் என்ற புனைபெயரில் ஒரு வழக்கறிஞர் 1876-ல் லண்டனிலே 'மாடர்ன் மேஜிக்' எழுதினார். செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லாதே, ஒரே வித்தையை அன்றைக்கே மறுபடி செய்யாதே என்று பாடம் வைத்தார். 1920-களிலே அமெரிக்காவில் டார்பெல் என்பவர், தானே படம் வரைந்து, 60 பாடங்களைத் தபாலிலே அனுப்பினார். அதெல்லாம் தரம். யார் மறுத்தது? ஆனால் தலைப்பு 'இருப்பது எது' என்பதல்ல, 'மிகுந்திருப்பது எது' என்பது. களத்திலே நாலு நெல்மணி இருக்கிறது என்பதற்காகப் பதர்க் குவியலை நெல் என்று அளக்க முடியுமா? (கைதட்டல்)

என் பையன் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையிலே ஒரு கிழிந்த புத்தகம் கிடைத்தது. அதிலே ஒரு நாணயம் மறைய ஒரு அத்தியாயமே இருந்தது. முதலில் நாணயத்தை நிஜமாகவே வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்று. கண்ணாடி முன்னால் நின்று கை எப்படி இருக்கிறது என்று பார். பிறகு நாணயத்தை வலது கையிலேயே வைத்துக்கொண்டு அதே மாதிரி நடி. நீ பார்க்கிற இடத்தைத்தான் சபை பார்க்கும், அதனால் இடது கையையே பார். கையைக் காட்டச் சொல்வார்களே? அதற்கு முன்பே, மந்திரப் பொடி எடுப்பது போல வலது கையைப் பையில் விட்டு நாணயத்தைப் போட்டுவிடு.

மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நின்றான். பொங்கலுக்கு அதே பெரியப்பா வந்தார். நாணயம் மறைந்தது. "கையைக் காட்டுடா" என்றார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "டேய், எங்கடா போச்சு?" என்று அண்ணன் அவன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தார். வீடு மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான்.

தாய்மார்களே! பிள்ளைக்கு மேஜிக் பெட்டியோ வீடியோவோ வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எப்படிப் பழகணும்னு சொல்லியிருக்கா? பார்க்கிறவங்க எங்கே உட்காரணும்னு சொல்லியிருக்கா? "கொடு, பார்ப்போம்"னு யாராவது கேட்டா என்ன செய்யணும்னு சொல்லியிருக்கா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது தரம். கடைகளிலே இப்போது குவிந்திருப்பவற்றிலே இந்த மூன்றும் இருப்பது அபூர்வம். ஆகவே, மிகுந்திருப்பது தந்திரமே, தந்திரமே என்று சொல்லி, நல்ல தீர்ப்பை நடுவர் மறைத்துவிடாமல் தருவார் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன். (கைதட்டல்)