பாட்டும் படமும் கல்வெட்டும்

சரித்திர பாடம் என்றதும் மாணாக்கர் மனத்தில் எழுவன அரசர் பெயர்களும் ஆண்டுகளுமே. அவற்றுக்கு உயிரூட்டப் பாட்டும் சலனப்படமும் வல்லவை. ஆயினும், உயிரூட்டுவது வேறு. உண்மை காட்டுவது வேறு.

1959 இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தை நினைவுகூருங்கள். 1799 இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரை அப்படம் சிறுவரும் அறியச் செய்தது. ஆனால், அதிலே சிவாஜி கணேசன் முழங்கிய வசனம் சக்தி கிருஷ்ணசாமி எழுதியது, கட்டபொம்மனின் வாய்மொழியன்று. இவ்வேறுபாட்டை உணராத மாணாக்கன் பெற்றது உணர்ச்சியேயன்றிச் சரித்திர அறிவன்று.

இதனைத் தெளிவிக்கத் தீவகத்து ஆசிரியர்க்குத் தக்க சான்று அருகிலேயே உளது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரிய அதனைக் கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டார் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும். அவர்க்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்கிறது அது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய வணிகக் கலமாயின் சரிபாதி.

பாடத்தை இவ்வாறு அமைக்கலாம். முதலில், வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை மாணாக்கர் சேர்ந்து பாடட்டும். அது எந்த ஆண்டையும் கூறாது. ஆனால், கடலை நம்பி வாழ்ந்தோரின் உழைப்பை உடலால் உணரச் செய்யும். அடுத்து, ஊர்காவற்றுறைத் துறைமுகத்தையும் அக்கல்லையும் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வகுப்பிலே காட்டலாம். பின்னர்ப் படத்தை நிறுத்திவிட்டுக் கல்வெட்டின் வாசகத்தைக் கையிற் கொடுத்து வினவ வேண்டும்: யானையும் குதிரையும் வந்த கலத்தில் மட்டும் அரசன் தன் பங்கைக் குறைத்தது ஏன்? பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன் தன் ஆணையைத் தமிழிலே பொறித்தது ஏன்?

படைக்கு அவ்விலங்குகள் வேண்டியிருந்தன என ஒரு மாணவி ஊகிக்கலாம். துறைமுகத்தில் வழங்கிய மொழி அது என மற்றொருவன் கூறலாம். ஊகத்தையும் சான்றையும் பிரித்துக் காட்டுவதே ஆசிரியரின் பணி.

சரித்திரத்தின் பெயரால் பகை வளர்ந்த நாடு நமது நாடு. செவிக்கு இனிய பாட்டையும் கண்ணைக் கவரும் படத்தையும் அப்படியே நம்பிவிடாது, “இதற்குச் சான்று யாது?” எனக் கேட்கும் பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. அந்தக் கேள்வியைத் தீவகத்துப் பிள்ளைகள் தம் கோயிற் கல்லிலிருந்தே கற்றுக்கொள்ளலாமன்றோ?