மீட்லோஃபும் அம்மாவோட பொட்டுக்கடலையும்

இன்னைக்கு கோடிங் கிடையாது, கொத்துக்கறி.

போன மாசம் அடையாறு வீட்ல, சின்ன ஓடிஜி-ல மீட்லோஃப் பண்ணேன். கொத்துக்கறியை பிரெட் வடிவத்துல பிடிச்சு பேக் பண்ற அமெரிக்கச் சாப்பாடு. 1930-கள்ல அங்க பொருளாதாரம் படுத்தப்போ, கொஞ்சம் கறியோட பிரெட் சேர்த்து குடும்பமே சாப்பிட இது கைகொடுத்துச்சு. எனக்குக் கைகொடுக்கலை. கத்தி வெச்சதும் உதிர்ந்து போச்சு.

அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். "கறியைத் தண்ணியில்லாம பிழிஞ்சியாடா? பொட்டுக்கடலை மாவு போட்டியா?"

அட, இது நம்ம கோலா உருண்டையோட சொந்தக்காரன்! அங்க பிரெட் செய்ற வேலையை இங்க பொட்டுக்கடலை செய்யுது. கறி விடுற தண்ணியை உறிஞ்சிப் பிடிச்சு வைக்குது.

ரெண்டாவது தடவை: அரை கிலோ மட்டன் கொத்துக்கறி, 50 கிராம் பொட்டுக்கடலை மாவு, ஒரு முட்டை, வதக்கின சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, உப்பு. 180 டிகிரியில சுமார் 50 நிமிஷம். நடுவுல 71 டிகிரி வந்தா வெந்தாச்சு. 10 நிமிஷம் ஆறவிட்டு வெட்டுங்க, இல்லைன்னா சாறெல்லாம் ஓடிடும்.

இந்தத் தடவை அழகா நின்னுச்சு. "நீ கடைசியா எப்போம்மா கோலா பண்ணே?"ன்னு கேட்டேன்.

"அப்பா போனதுக்கப்புறம் பண்ணலைடா. ஒருத்திக்கு எதுக்கு அவ்ளோ எண்ணெய்?"

ரெண்டு வருஷம். நான் கேட்டதே இல்லை.

இந்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன். உருண்டை நான் பிடிக்கிறேன், பதம் அவங்க சொல்லட்டும்.