எடின்பரோவில் ஒரு பாலக்காட்டு மிருதங்கம்

பள்ளி வாத்தியக் குழுவோடு கடல் கடந்து செல்லும் மாணாக்கர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம், பாலக்காட்டுக்காரர்களான நமக்கு நினைவில் எழுவது 1965ஆம் ஆண்டு எடின்பரோ விழாவுக்குச் சென்ற கோஷ்டிதான். வாய்ப்பாட்டு, கே. வி. நாராயணசுவாமி, வயலின், லால்குடி ஜெயராமன், மிருதங்கம், பாலக்காடு மணி ஐயர். பாடகரோ இளமையில் அந்த மணி ஐயரிடமே சிட்சை பெற்றவர். ஆகவே குருவும் சிஷ்யரும் ஒரே மேடையில் அயல்நாட்டார் முன் அமர்ந்த பிரயாணம் அது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் உஷ்ணக் காற்றில் பழகிய தோல்வாத்தியம், ஈரமும் குளிரும் மிகுந்த தேசத்துக்குப் போனால் என்ன பாடு படும் என்பதை அதைச் சுமந்து சென்றவரே அறிவார். ஈரத்தில் தோல் தளரும், சுருதி இறங்கும். கல்லையும், புள் எனும் மரக்கட்டையையும் எடுத்து விளிம்பைத் தட்டித் தட்டி மேலேற்ற வேண்டும். தொப்பி எனும் இடப்பக்கத்தில் குழைத்து அப்புவதற்கு ரவையையும் மறவாமல் மூட்டை கட்ட வேண்டும். பெட்டியில் முறுக்குக்கு மட்டும் இடம் தேடும் பிள்ளைகள் கவனிக்கவும்!

அந்த எடின்பரோ விழாவில் லால்குடியின் வாசிப்புக்கு மனத்தைப் பறிகொடுத்த வயலின் மேதை யெஹூதி மெனுஹின், தமது இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்குப் பரிசளித்தார். ஊர் திரும்பிய லால்குடியோ, தந்தத்தில் செதுக்கிய நடராஜர் விக்கிரகம் ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார்.