மழை ஓதமா, குழாய்க் கசிவா?



காஷ்மீர்க் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்து, சுமார் 9 சதவீதம் பெருத்து, குழாயையே வெடிக்க வைக்கும். பண்பொழி மார்கழியில் அந்தப் பயம் இல்லை. நமக்கு வேறு சிக்கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாச் சுவரிலும் ஓதம் ஏறும். குழாய்க் கசிவும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். தை பிறந்து நல்ல வெயில் அடித்தும் சுவர் காயவில்லை என்றால், குழாயைச் சந்தேகப்படுங்கள்.

பிளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரி பவுடர் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் பிளஷ் செய்யாமல் பாருங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கினால் உள்ளே கசிகிறது. குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் தினம் 4 லிட்டருக்கு மேல்; வருடத்துக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். அடவிநயினார் அணை நிறைந்திருக்கும்போது இது சின்னக் கணக்கு. சித்திரையில் அப்படித் தோன்றாது.

சுவருக்குள் கசிந்தால் கம்பி துருப்பிடித்துப் பெருத்து, காரையைத் தள்ளிவிடும். பிறகு அது எல்லோர் தலையிலும் விழுகிற செலவு. மேல் வீட்டுக் கசிவு கீழ் வீட்டுக் கூரையில்தான் முதலில் தெரியும். கீழ் வீட்டார் வந்து சொன்னால் கோபப்படாமல் பிளம்பரை உள்ளே விடுங்கள்.